வெப்ராளம்

மூன்று மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு
கடையாலுமூட்டுச் சரிவில் ஏறுகிறேன்.
முந்நூற்றுப் பத்து மரம்.
போன வருஷம்வரை செல்வதாஸ் வெட்டிய பிளாக்.
இலை உதிர்கிற மாசத்தில் வெட்டு இல்லையென்று
கேரளத்தில் கட்டட வேலைக்குப் போனவர்
சாரத்திலிருந்து விழுந்து,
இப்போது படுத்தபடியே
எனக்குக் கத்தி தீட்டித் தருகிறார்.

வசனக் காலண்டரில் இன்னும் மார்ச் பதினொன்று.
கிழிக்க வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை.
அந்த வசனத்தின்மேல்
ஆசாரிப்பள்ளத்து மருந்துச் சீட்டைக் குத்திவைத்திருக்கிறேன்.
அடியில் என்ன எழுதியிருக்கிறதோ,
பார்க்கத் தைரியம் வரவில்லை.

சபையில் மழைக்கு ஜெபித்தார்கள்.
நானும் ஆமென் சொன்னேன்,
மழை பெய்தால் வெட்டு இல்லை
வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை
என்று தெரிந்தே.
பதினோரு நாள் பெய்தது.
ஓட்டின்மேல் விழுகிற சத்தத்தில்
என் ஆமென் எத்தனை துளி என்று
கணக்குப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

எங்கள் பக்கத்தில் இதற்கு வெப்ராளம் என்று பெயர்.
கூடையைக் கவிழ்த்து அடைத்த கோழி
நெஞ்சுக்குள் சிறகடிக்கிற மாதிரி.
குழுப்பணம் வாங்க ஆள் வருவது செவ்வாய்க்கிழமை.
கோழி திங்கள் ராத்திரியே எழுந்துவிடும்.
முழங்கால் போடுவேன்.
"கர்த்தாவே" என்று தொடங்குகிற ஜெபம்
"ஆயிரத்து நானூற்றைம்பது" என்று முடியும்.
நடுவில் ஒன்றும் இருக்காது.

ஒன்பதாம் நாள்
பிடியரிசி டப்பாவைத் திறந்தேன்.
தினமும் உலையில் போடுமுன்
ஆண்டவருக்கென்று ஒரு பிடி எடுத்துவைக்கிற டப்பா.
நாலு பிடி திருப்பி எடுத்தேன்.
ஷெரின் கஞ்சியை ஊதி ஊதிக் குடித்தாள்.
அது யாருடைய அரிசி என்று அவளுக்குச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தங்கலீலா பை விரித்து வந்தாள்.
டப்பாவைக் குலுக்கிப் பார்த்தாள்.
அடியில் நாலைந்து மணி கிலுங்கியது.
"போன மாசம் எனக்க வீட்டிலயும் இப்பிடித்தான்" என்றாள்.
பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
அடுத்த வீட்டுக்குப் போனாள்.
அன்றைக்கு எனக்குக் கிடைத்த பிரசங்கம் அதுதான்.

போதகர் வேறொன்று சொல்லியிருந்தார்:
ரப்பர் மரத்தைப் பாருங்கள்,
வெட்டுகிறவனுக்கும் பால் கொடுக்கிறது.
எல்லாரும் தலையாட்டினார்கள்.
அவர் கத்தி பிடித்ததில்லை.
பட்டையில் இரும்பு இறங்கலாம்,
தடியைத் தொடக்கூடாது.
தொட்டால் அந்த இடம் முண்டு கட்டிவிடும்.
அப்புறம் அந்த மரத்தில்
பால் எங்கே வரும்?

அதனால் இருட்டில், மரத்துக்கும் எனக்கும் மட்டும் கேட்கிற மாதிரி,
இப்படித்தான் ஜெபிக்கிறேன்:
எனக்க ஆண்டவரே,
வெட்டாதேயும் எண்ணு கேக்கல்ல.
கத்தி ஒமக்க கையில இருக்கு.
தடியில தொடாம பாத்துக்கிடும்.
ஒமக்குத் தெரியும் எண்ணு நம்புதேன்.
தெரியாம இருந்தா
எனக்க மாப்பிளகிட்ட கேளும்,
அவரு சொல்லித் தருவாரு.

பன்னிரண்டாம் நாள் வானம் வெளுத்தது.
பட்டை காய்ந்திருக்கிறதா என்று
விரலால் தொட்டுத் தொட்டுப் போனேன்.
சில மரம் ஈரம், விட்டுவிட்டேன்.
அறுபதோ அறுபத்தொன்றோ,
எந்த மரத்தில் கோழி அடங்கியதென்று தெரியவில்லை.
நாளை மறுபடியும் எழும், தெரியும்.
சிரட்டையில் முதல் சொட்டு விழுகிற சத்தம் கேட்டது.
நின்று கேட்க நேரமில்லை.

நாலு பிடி பாக்கி இருக்கிறது, ஆண்டவரே.
மார்ச் பதினொன்றின் ஓரத்தில்
பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன்.
நீர் எனக்குத் தர வேண்டியதை
நீரும் எங்கேயாவது
எழுதிவையும்.